நார்பர்ட் குறை கண்ட கறுப்புச் சக்கரங்கள்

டெட்ராய்ட்டுக்குத் தெற்கே, ஆற்றோரத்தில் இருக்கும் எங்கள் ஊர்களில் கார் தெரியாது என்று ஒத்துக்கொள்கிறவன் ஒருவனும் கிடையாது. உண்மையில் தெரிந்தவன் எத்தனை பேர் என்றால், விரல் விட்டு எண்ணலாம். அதில் முதல் விரல் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கென்டக்கி மலையிலிருந்து ஓட்டை டிரக்கில் வந்து இறங்கியவன். இன்று சக்கரத்துக்கு நிறம் ஏற்ற வேண்டுமென்றால் பக்கத்து மாநிலத்திலிருந்துகூட ‘விர்ஜில் கடை எங்கே’ என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். என்ஜினியரிங் படித்தவர்கள், பூச்சைச் சுடும் என் அடுப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

அப்படிப்பட்ட என் வேலையைப் பார்த்து மூக்கைச் சுளித்தவன் இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான். அவன் பெயர் நார்பர்ட் செலெங்கா.

நார்பர்ட் கார் ஆலையில் பெயின்ட் பிரிவின் கடைசி வாசலில் நின்றவன். காருக்கு நிறம் அடித்து முடித்ததும் அவனைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். தூசியோ, வழிசலோ, கொப்புளமோ கண்ணில் பட்டால் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம். அவ்வளவுதான், அந்தக் கார் திரும்பிப் போகும். அடித்தவன் திட்டு வாங்குவான். மனிதன் சம்பளத்துக்காகக் குறை கண்டுபிடித்தால் அது வேலை. இவனுக்கோ அது ரத்தத்தில் ஊறிவிட்டது. மாமியார் அடக்கத்தன்று எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவன் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். பாவம், பிரார்த்தனை செய்கிறான் என்று நினைத்தோம். எழுந்து நேரே அடக்கக்காரரிடம் போய், “வலது பக்கம் வார்னிஷ் வழிஞ்சிருக்கு, கவனிச்சீங்களா?” என்றான். அவன் மனைவி ஜெரால்டின் அன்றிலிருந்து ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. பேச்சு நின்றதை அவன் கவனித்தானா என்பது எனக்குத் தெரியாது.

ஓய்வு பெற்றதும் ஒரு மசில் கார் வாங்கினான். புதுசு. சாம்பல் நிறம், உறுமினால் தெருவே அதிரும், சக்கரங்கள் கறுப்பு. அந்தக் கறுப்புக்குக் கம்பெனியில் தனிக் காசு. மற்றவனிடம் இல்லாதது நம்மிடம் இருக்கட்டும் என்று எல்லோரும் அந்தக் காசைக் கட்டுகிறார்கள். ஆகவே எல்லோரிடமும் அதே கறுப்பு. ஒருநாள் மளிகைக் கடை வாசலில் நார்பர்ட் சாவியை அமுக்கோ அமுக்கு என்று அமுக்கியிருக்கிறான், கதவு திறக்கவில்லை. கம்பெனியைத் திட்டிக்கொண்டு கண்ணாடியில் தட்டியபோது உள்ளேயிருந்து வேறொரு கிழவன் எட்டிப் பார்த்தானாம். கார் அவனுடையது.

மறுநாள் காலை புருஷனும் பெண்டாட்டியும் என் கடையில் நின்றார்கள்.

“விர்ஜில், இந்தக் கறுப்பு கறுப்பே இல்லய்யா. தடவிப் பாரு, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி இருக்கு.”

“மூணடி தள்ளி நின்னு பாரு, நல்லாத்தான் இருக்கும்.”

“மூணடி தள்ளி நின்னு பாத்தா எம் பொண்டாட்டிகூடத்தான்…”

“சொல்லு நார்பர்ட்,” என்றாள் ஜெரால்டின். “நிறுத்திட்டியே. மூணடி தள்ளி நின்னு பாத்தா நான் எப்படி?”

நார்பர்ட் தன் தொப்பியைக் கழற்றி அதில் ஏதோ தூசி தேட ஆரம்பித்தான்.

அவன் கேட்டது இதுதான். நிழலில் நின்றால் கறுப்பு, வெயிலில் நின்றால் உள்ளேயிருந்து செர்ரிப் பழச் சிவப்பு எட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஆகஸ்டில் தொழிற்சங்கக் கட்டட மைதானத்தில் ஓய்வு பெற்றவர்களின் கார்க் காட்சி. அதில் ‘கம்பெனிச் சக்கரத்துக்குச் சிறந்த பூச்சு’ என்று ஒரு பரிசு. அவன் திருப்பி அனுப்பித் திட்டு வாங்க வைத்த பெயின்ட்காரர்கள் அத்தனை பேரும் அங்கே வருவார்கள்.

“ஒரே ஒரு தடவ விர்ஜில். அவனுங்க எல்லாரும் குனிஞ்சு பாத்துட்டு, வாய மூடிட்டுப் போகணும். அது போதும் எனக்கு.”

வேறொருவன் என்றால் பழைய கறுப்பின் மேலேயே அடித்துக் கொடுத்துவிடுவான். நான் அந்த ஜாதியில்லை. டயரைக் கழற்றி, கறுப்பை மருந்துத் தொட்டியில் ஊற வைத்து உரித்து, மணல் அடித்து வெள்ளை உலோகமாக்கினேன். பிறகு வெறும் சக்கரத்தை அடுப்பில் சுட்டேன். வார்ப்பு அலுமினியத்துக்குள் காற்று ஒளிந்திருக்கும். முதலிலேயே சுட்டு விரட்டாவிட்டால் பூச்சைக் குத்திக்கொண்டு கிளம்பும். அப்புறம் சூட்டில் உருகிப் பூச்சாகிற கறுப்புப் பவுடர், அதன்மேல் கண்ணாடி போன்ற சிவப்பு, அதற்கும் மேல் நிறமில்லாத பளபளப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு. என் கையாலேயே அடித்தேன்.

நார்பர்ட் வந்தான். டார்ச்சும் பல் டாக்டர் கண்ணாடியும் கொண்டுவந்தான். ஊசி முனைக் குழி ஒன்று இருக்கிறது என்றான். திருப்பி அடித்தேன். ஒரு சக்கரத்தில் சிவப்பு அரை மாற்று குறைச்சல் என்றான். நான்கையும் உரித்து மறுபடி அடித்தேன். அவனையே நிற்க வைத்து அவன்மேல் ஒரு மூட்டை மணலை அடித்துத் தீர்க்கலாமா என்றுகூட யோசித்தேன். காட்சிக்கு முந்தின நாள் வந்து, நெடுநேரம் படுத்தும் உருண்டும் பார்த்துவிட்டு எழுந்தான்.

“சரி,” என்றான்.

எனக்குக் காது கேட்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஆளின் வாயிலிருந்து ‘சரி’ வந்து ஊரில் எவனும் கேட்டதில்லை. என் கடைப் பெயர் போட்ட அட்டையை நானே அவன் காரின் முன்கண்ணாடியில் செருகி அனுப்பினேன்.

மறுநாள் நல்ல வெயில். அந்தச் சக்கரங்களைப் பார்க்க வேண்டுமே! இருட்டுக்குள் தணல் கனிகிற மாதிரி இருந்தது. கூட்டம் மற்ற கார்களை விட்டுவிட்டு இங்கே வந்தது. பழைய பெயின்ட்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், ஒன்றும் சொல்லாமல் போனார்கள். நார்பர்ட் மடக்கு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

கடைசியாக டெல்மர் ஹக்கபி வந்தான். ஆலையில் நார்பர்ட்டிடம் அதிகம் மாட்டியவன் அவன்தான். அவனும் போட்டியில் இருந்தான். தன் கறுப்புச் சக்கரத்தின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளிக் கோடு போட்டு, மேலே டப்பா ஸ்பிரே அடித்துக் கொண்டுவந்திருந்தான். அவ்வளவுதான் அவன் தொழில்.

நடுவர் லோரெட்டா, முன்னாள் சங்கத் தலைவி, டார்ச்சோடு நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தாள். “ஒரு குறையும் இல்ல. முதல் பரிசு இதுக்குத்தான்னு எழுதிடவா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“எழுதும்மா, எழுது,” என்றான் டெல்மர். பொறாமையில்லாமல்தான் சொன்னான். “நார்பர்ட்டு கண்ணுக்கே இதுல ஒண்ணும் தெரியலைன்னா, எங்க கண்ணுக்கா தெரியப் போகுது?”

நார்பர்ட்டின் முகம் மாறியது. நான் பார்த்தேன்.

“யாருக்குத் தெரியலை?”

“உனக்குத்தாம்ப்பா.”

“எனக்குத் தெரியலைன்னு யாரு சொன்னா?”

“நார்பர்ட், உக்காரு,” என்றாள் ஜெரால்டின். “வாங்கிட்டு வீட்டுக்குப் போவோம்.”

“பின் பக்கம், இடது சக்கரம்,” என்றான் அவன். எழுந்தே விட்டான். “காத்து அடிக்கிற வால்வுக்கு நேரா, ஆரக்காலுக்கு உள்பக்கம். பளபளப்புக்கு அடியில ஒரு நூலு. துணி நூலு. நேத்தே பாத்துட்டேன். என்ன லோரெட்டா, டார்ச்ச வச்சிக்கிட்டு என்னத்தப் பாத்தே? ஏன்டா டெல்மர், இத்தன வருஷம் பெயின்ட் அடிச்சவன் நீ, குனிஞ்சியே, இது தெரியலையா?”

லோரெட்டா குனிந்தாள். டெல்மரும் குனிந்தான். நானும் குனிந்தேன். இருந்தது. கண்ணிமை முடியில் பாதி இருக்கும்.

“யோவ், வாய மூடிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியே!” என்று கத்தினேன்.

“குறையுள்ள சக்கரத்துக்கு முதல் பரிசா? அப்புறம் எனக்குக் கண்ணு போயிருச்சுன்னுல்ல பேசுவானுங்க?”

லோரெட்டா நியாயக்காரி. கண்ணால் பார்த்த குறையைப் பார்க்கவில்லை என்று எழுத மாட்டாள். பட்டியலில் அவன் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு நகர்ந்தாள். பரிசு, உப்புத்தாளும் டப்பாவுமாக வந்த டெல்மருக்குப் போனது. அவன் கோப்பையை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான். மைதானமே சிரித்தது. நான் போய் முன்கண்ணாடியில் இருந்த என் கடை அட்டையை உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த நூல் என் சட்டையிலிருந்து போனதாக இருக்காது, அடித்துச் சொல்வேன். அவன் துடைத்த துணியிலிருந்து போயிருக்கும். பளபளப்புக்கு அடியில் எப்படிப் போனது என்று என்னிடம் கேட்கக் கூடாது.

தோற்றவன் முகம் வாட வேண்டுமா இல்லையா? இவன் மிளகாய்க் குழம்பு ஊற்றிய ஹாட் டாக் இரண்டைத் தின்றுவிட்டு, “டெல்மர், உன் வண்டியக் காட்டு” என்றான். டெல்மரே கூட்டிக்கொண்டு போனான். நார்பர்ட் மண்டியிட்டான். பின்னாலேயே மற்றவர்களும், ஒரு காலத்தில் இவனைக் கண்டாலே பல்லைக் கடித்தவர்கள், “அப்புறம் என்னுதையும் பாத்துடு” என்று வரிசை கட்டினார்கள்.

ஜெரால்டின் கொஞ்ச நேரம் பார்த்தாள். “வீட்டுக்கு வர்றியா?” என்று ஒரு தடவை கூப்பிட்டாள். மடக்கு நாற்காலியைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் போட்டாள். சாவி அவளிடம்தான் இருந்தது. கார் உறுமிக்கொண்டு, மைதானத்தின் பின்பக்கச் சரளைப் பாதை வழியாக வேகமாகப் போனது. நான் திரும்பத் திரும்பச் சுட்டெடுத்த சக்கரங்களில் கல் தெறித்து, டிக் டிக்கென்று ஒவ்வொன்றும் என் நெஞ்சிலேயே விழுந்தது.

நார்பர்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டெல்மரின் சக்கரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, “அடக் கடவுளே, இங்க பாருங்கடா!” என்று சந்தோஷமாகக் கூவிக்கொண்டிருந்தான்.