வீராயி அடைத்த ஓடை

தண்ணீர் ஓடுகிற சத்தம் காதில் விழுந்தால் வீராயிக்குக் கை பரபரக்கும். வடக்குத்து கிராமத்தில் யார் யாருடைய கழனிகளுக்கோ மடை அடைத்தும் திறந்தும் வளர்ந்தவள். கழனி ஒன்றும் அவளுடையதில்லை, பரபரப்பு மட்டும்தான் சொந்தம். அப்படிப்பட்டவளைப் போய் நெய்வேலிச் சுரங்கத் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் வேலைக்கு வைத்தார்கள்.

பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் ஊற்றை ராப்பகலாக இறைத்து வெளியே தள்ளினால்தான் சுரங்கம் வெட்ட முடியும். அந்தத் தண்ணீர் தங்குதடையில்லாமல் போக, கால்வாயில் சேரும் கோரையையும் குப்பையையும் வாரிப் போடுவது காண்ட்ராக்ட் ஆட்களின் வேலை. ஒழுங்காக இருந்தால் டவுன்ஷிப்பில் பர்மனெண்ட் வேலை என்று சூப்பர்வைசர் அய்யாசாமி ஆசை காட்டியிருந்தார். புருஷன் செத்துத் தனியாக நிற்கிறவளுக்கு அது பெரிய பிடிமானம்.

அவள் ஒழுங்காகத்தான் வாரினாள். வாரியதை எங்கே கொண்டுபோய்ப் போட்டாள் என்பதில்தான் வம்பு. கால்வாய் முடிந்ததும் தண்ணீர் ஓடையில் விழுந்து, கரையை அறுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடியது. இரண்டு பக்கமும் பொட்டல். "இவ்ளோ தண்ணி யாருக்கும் ஆவாம போவுதே!" என்று வயிறெரிந்தாள். சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் ஊர்க்கதை பேச, இவள் கோரையையும் முந்திரிக் கொப்புகளையும் ஓடைக்குக் குறுக்கே செருகிக் களிமண் அப்பினாள். உடைந்தால் மறுபடி அப்பினாள். ஓர் அடைப்பு நின்றதும் கீழே இன்னொன்று.

தண்ணீர் பரந்து நின்றது. வண்டல் தங்கி, கோரை முளைத்து, தவளை வந்து, தவளையைத் தேடிக் கொக்கும் வந்தது. பக்கத்துக் கொல்லையில் வறண்டு கிடந்த கிணறு ஊறியது. பூரிப்பு தாங்கவில்லை அவளுக்கு. ஆனால் உட்கார்ந்து பார்க்க வராது. எங்கே கசிகிறது என்றே கண் தேடும்.

ஐப்பசியில் அய்யாசாமி பார்த்துவிட்டார். கொக்கு பார்க்க ஆசைப்பட்ட ருஷ்ய எஞ்சினியர் ஒருவரும் கூட இருந்தார்.

"ஏம்மா, வாரிப் போடத்தான் உனக்குக் கூலி. வாரினதை வச்சே அடைச்சிருக்கியே! மழை பிடிச்சா தண்ணி எதுத்து மைன்ஸ் பக்கம் ஏறாதா? இன்னைக்கே பிரிச்சிரு. இல்லன்னா வேலையும் கிடையாது, பர்மனெண்டும் கிடையாது."

ருஷ்யாக்காரரோ அடைப்பைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்தார். முன்பல்லைக் காட்டி, கையைப் பின்னால் வைத்து வாலாட்டி, ஆங்கிலத்தில் நீளமாக என்னவோ சொன்னார். அய்யாசாமி வேண்டாவெறுப்பாகத் தமிழில் சொன்னார்.

"இவங்க ஊர்ல பீவர்னு ஒரு பிராணியாம். மரத்தைப் பல்லால அறுத்து, சேத்தை அப்பி, ஓடையை அடைக்குமாம். தோலுக்காக அதைக் கொன்னு தீர்த்தாங்களாம், குளம் குட்டையெல்லாம் வத்திப் போச்சாம். திரும்பக் கொண்டாந்து விட்ட பெறகுதான் மீனும் வாத்தும் வந்துச்சாம்."

வீராயி அக்கறையாகக் கேட்டாள்: "அதுக்கு சூப்பர்வைசரு யாருங்க சார்?"

அய்யாசாமி அதை மொழிபெயர்க்கவில்லை.

அவள் மண்வெட்டியை எடுத்தாள். பர்மனெண்ட் வேலை என்றால் சும்மாவா? நாலு வெட்டில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடியது. கெண்டைக் குஞ்சுகள் சேற்றில் துள்ளின. அய்யாசாமி நிம்மதியாகக் கிளம்பினார்.

வீராயியும் வீட்டுக்குப் புறப்பட்டாள். நாலடி நடப்பாள், நிற்பாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் விடுகிறதாயில்லை. பெற்ற பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டே போவது போலிருந்தது.

மறுநாள் காலை ஆள் எடுக்கும்போது அய்யாசாமி அவள் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார். வீராயி ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வெட்டிவிட்ட இடத்தில் களிமண் அப்பிக்கொண்டிருந்தாள்.