கண்ணாடியோடு போன பாதிரியார்

காதர் பாயின் ஆல்பத்தைத் திறந்தாலே நாப்தலின் உருண்டை வாசனை குப்பென்று வரும். பக்கங்களுக்கு நடுவே வெண்ணெய்த்தாள்... புரட்டும்போது சரசரக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். கோரிப்பாளையம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தமிழ் மன்ற விழாவுக்குக் கண்காட்சி வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் தேர்ந்தெடுத்த தலைப்பு, தபால்தலைகளில் மொழிக்கு உழைத்த பாதிரியார்கள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசிவிட்டு வகுப்பில் தமிழ் நடத்துகிறவள் நான். கடல் கடந்து போய், பிறர் மொழியைக் கற்று, அதற்கே அகராதி எழுதியவர்கள்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

எங்கள் தெருக் காதர் பாய், ரயிலில் தபால் பிரிக்கும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பல நாட்டு ஸ்டாம்புகள் சேர்த்திருந்தார். கேட்டதும் கொடுத்துவிட்டார்.

"பத்திரம்மா... அந்தத் தாடிக்காரர் மட்டும் முத்திரை குத்தாத ஸ்டாம்பு. பின்னாடி பசை அப்படியே இருக்கு. வேற எங்கேயும் கிடைக்காது" என்றார்.

தாடிக்காரர் என்றது ஒரு தீவுக்குப் போன பாதிரியாரை. எழுத்தே இல்லாத அந்த ஊர் மொழிக்கு எழுத்து அமைத்துக் கொடுத்தவராம்.

மேஜைமேல் கறுப்புச் சார்ட் விரித்து, ஸ்டாம்புகளை அடுக்கி, மேலே கண்ணாடி வைத்தோம். சிம்மக்கல்லில் ஒரு பிரேம் கடையில் இரவல் வாங்கிய நாலு கண்ணாடிகள்.

விழா அமோகமாக நடந்தது. மூன்றரை மணிக்குக் கடைக்காரர் அவசரப்பட, கண்ணாடிகளுக்கு இடையில் பழைய பேப்பர் வைத்து ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினோம். பிறகு உட்கார்ந்து ஸ்டாம்புகளை எண்ணினால்...

தாடிக்காரரைக் காணோம்.

மேஜைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், குப்பைக்கூடை... எங்கும் இல்லை.

ஹெச்.எம். அம்மா கேட்டார், "மேஜைகிட்ட யாரு நின்னா?"

ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன். "பேச்சிதான் மேடம். நாள் முழுக்க அங்கேயே குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தா."

பேச்சி ஒன்பதாம் வகுப்பு. கீழக்குயில்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. "நாளைக்கு உங்கப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார் ஹெச்.எம்.

பேச்சி அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "நான் எடுக்கல டீச்சர். அந்தத் தாத்தா தாடி நல்லாருந்துச்சு... அதான் பார்த்தேன்."

அவள் எடுத்திருக்க மாட்டாள் என்று அப்போதே தோன்றியது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா?

அன்று சாயங்காலமே காதர் பாய் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது. அப்புறம் கேட்டார்.

"தண்ணி எதுவும் பட்டுச்சாம்மா?"

யோசித்தேன். சிறப்பு விருந்தினர் வருவதற்கு முன்னால் கண்ணாடி பளபளக்க வேண்டும் என்று, நானேதான் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருந்தேன்.

"ஓரமா உள்ள இறங்கியிருக்கும். ஈரத்துல ஸ்டாம்பு கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருக்கும். நடுவுல பேப்பர் வச்சிருந்தா, பசைப் பக்கம் அதுல பிடிச்சிருக்கும். போயி கடையில பாருங்க" என்றார்.

ஓடினேன். கடை பூட்டியிருந்தது.

மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். கடைக்காரர் சைக்கிளில் வந்து இறங்கியவர், "என்னக்கா, கண்ணாடி எதுவும் உடைஞ்சுபோச்சா?" என்றார்.

"இல்லண்ணே... கண்ணாடிக்கு நடுவுல வச்ச பேப்பர் எங்க?"

"அதுல பாதியக் கிழிச்சுத்தான் நேத்தே கண்ணாடி துடைச்சேன். மிச்சம் அந்தா கெடக்கு."

மூலையில் கசங்கிக் கிடந்த பேப்பர்களை ஒவ்வொன்றாக விரித்தேன். முதல் தாளில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதை விரித்தால்... கபடிப் போட்டிச் செய்தியின்மேல் அழகாக ஒட்டிக்கொண்டு, தாடியோடு என்னைப் பார்த்தார் பாதிரியார்!

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. கடைக்காரர் பதறிப்போய்ச் சோடா வாங்கி வந்தார்.

பள்ளிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஹெச்.எம். அறை வாசலில் பேச்சியும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இருந்தார். பேப்பரை எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்டினேன்.

"அப்ப எம்பிள்ள எடுக்கலைல்ல டீச்சர்?"

"எடுக்கலைங்க. நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன். தப்பு என்னோடது."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "இனிமே பள்ளிக்கூடமே வேணாம்னு நேத்துச் சொல்லிப்புட்டேன். நல்லவேளை... போ ஆத்தா, போயி கிளாஸ்ல உக்காரு."

வகுப்பிலும் அத்தனை பேர் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டதோ, "டீச்சர், அந்தத் தாத்தா பேரு என்ன?" இரண்டு பேருமாக எழுத்துக்கூட்டிப் படித்தோம். ரெண்டு பேர் வாயிலும் நுழையவில்லை!

காதர் பாய் ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, பேப்பரிலிருந்து பதமாகப் பிரித்தார். பசை முழுக்கப் போயிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்து, "ஒட்டுறதுக்குத்தானம்மா பசை வச்சான்... ஒட்டிருச்சு" என்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

இப்போது அந்தப் பள்ளியில் எல்லா அறையிலும் கேமரா இருக்கிறது. ஏதாவது காணாமல் போனால் பத்தே நிமிடத்தில் ஓட்டிப் பார்த்துவிடுகிறார்கள். நல்லதுதான்.

ஆனாலும் நினைத்துப் பார்க்கிறேன்... அன்று ஒரு கேமரா இருந்திருந்தால், அது எனக்கு எதைக் காட்டியிருக்கும்? நாள் முழுக்க ஒரு மேஜைமேல் குனிந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணைத்தான். அதுவே சாட்சி என்று நினைத்து, நான் பிரேம் கடைக்குப் போயிருக்கவே மாட்டேன்.