மணலியில் ஒரு சின்ன ஓவன்

மணலி புதுநகரில் என் மேல் வீட்டில் இருந்த பெண், பாலிமர் களிமண்ணில் கம்மல் செய்து சின்ன ஓவனில் சுடுவாள். தானே தைத்த துணியை விரித்து அதன்மேல் வைத்துப் போட்டோ எடுத்து, போனிலேயே விற்றுவிடுவாள். அவள் சட்டையில் நாலு பை, நாலிலும் ஊசி. எனக்குத்தான் பயமாக இருக்கும்.

சுடுகிற நாற்றம் தாங்கவில்லை, ஓவனை நிறுத்தாவிட்டால் வீட்டைக் காலி செய்யட்டும் என்று குடியிருப்பில் ஆறு பேர் முடிவெடுத்து, வயதானவன் என்று என்னை அனுப்பினார்கள். போய்ச் சொன்னேன்.

அவள் சன்னலை விரியத் திறந்தாள். எதிரே இருக்கும் எண்ணெய், உர ஆலைகளின் புகைக்காற்று உள்ளே வந்தது. நான் இருமினேன்.

"இத்த நிறுத்தச் சொல்லி எத்தினி பேரு போனீங்க, நைனா?"

"யாரும் போகலைம்மா."

"மொதல்ல அங்க போய்ட்டு வாங்க. அதுவரிக்கும் என் ஓவன் ஓடிகினுதான் இருக்கும். வூட்டயும் காலி பண்ண மாட்டேன்."

பிறகு என் கையை வெளிச்சத்தில் இழுத்து, உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கம்மலை வைத்தாள். "ஆடாத நைனா, சுருக்கம் சோக்கா கீது" என்று போட்டோ எடுத்தாள்.

கீழே ஆறு பேரும் காத்திருந்தார்கள். "முதலில் எந்த ஆலைக்குப் போகலாம்?" என்று கேட்டேன். ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அவள் ஓவனைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.