லாக்கில் நின்ற படகு

ஏழு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் ‘மூளிக்காது’ என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருந்ததோ ஒரே மாமா. அவரோடு அம்மா பேசுவதில்லை. நான் பிறந்தபோது அவர் பார்க்க வரவில்லையாம். கோபம் வந்தால் அம்மா கத்துவாள், கத்தினால் தீர்ந்துவிடும். மாமா விஷயத்தில் மட்டும் வாயே திறக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது என்பார் அப்பா.

அந்த வருஷம் ஒரு கல்யாணத்துக்காக, தாம்பரத்திலிருந்து அம்மா என்னைத் தன் பிறந்த ஊருக்கு அழைத்துப் போனாள். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஊர். திரும்பும் அன்று பஸ் வரவில்லை. மாமாவிடம் கிளிஞ்சல் ஏற்றும் படகு இருந்தது. சோழிங்கநல்லூரில் இறக்கிவிட்டால் தாம்பரம் பஸ் கிடைக்கும் என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார். அம்மா ஏறி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பாதி வழியில் லாக்கு என்று சொல்லும் கால்வாய் மதகு வந்தது. இரு பக்கமும் உயரமான கருங்கல் சுவர், நடுவே படகு போக வழி. மாமா அங்கே கழியை ஊன்றிப் படகை நிறுத்திவிட்டார்.

“கடல் தண்ணி ஏறி எறங்கும் கண்ணு. அந்தாண்ட தண்ணியும் இந்தாண்ட தண்ணியும் ஒரே மட்டமானாத்தான் கதவு தொறக்கும். அதுவரைக்கும் குந்திக்கினு இருக்கணும்” என்றார் என்னிடம்.

கதவு எங்கே என்று கேட்டேன். தண்ணிக்கு அடியில கீது என்றார். நம்பினேன். சற்று நேரத்தில் ஒரு விறகுப் படகு எங்களை உரசிக்கொண்டு நேராகப் போயிற்று. அது சின்னப் படகு, கதவுக்கு மேலேயே போய்விடும் என்றார். அதையும் நம்பினேன்.

வெயில் ஏறியது. மாமா அம்மாவின் முதுகைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேம்மா. வெறுங்கையா இருந்தேன். உன் மாமியார் வூட்டு ஆளுங்க முன்னாடி எப்பிடி நிக்கறதுன்னு திரும்பிட்டேன்.”

அம்மா சட்டென்று திரும்பினாள். “உன் கையையா நான் பாத்துக்கினு இருந்தேன்? வாசலைப் பாத்துக்கினு இருந்தேண்ணா!” என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். மாமா துண்டில் மூக்கைச் சிந்தினார். பயத்தில் எனக்குப் பசி எடுத்தது. கல்யாண வீட்டு அதிரசத்தைப் பிரித்துத் தின்றேன்.

அழுது முடித்ததும் அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, “அடுத்த மாசம் திருப்போரூர்ல இவளுக்குக் காது குத்தறோம். நீதான் மடியில வெச்சிக்கணும்” என்றாள். மாமா உடனே கழியைப் பிடுங்கினார். தண்ணி ஏறிடிச்சி என்றார்.

சொன்னபடியே மறு மாதம் குத்தினார்கள். வலியில் மாமாவின் கையைக் கடித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அந்த லாக்குக்குக் கதவே கிடையாது, நான் பிறப்பதற்கு முன்பே உளுத்து விழுந்துவிட்டது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. மாமாவின் புளுகை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அம்மா அந்தக் கரையிலேயே வளர்ந்தவள். அதே லாக்கில் குதித்து நீச்சல் பழகியவள். கதவு இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும், ‘படகை எடு’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல், அண்ணன் பேசட்டும் என்று அந்த வெயிலில் காத்திருந்திருக்கிறாள்.