ஐஸ் போட்டுக் குடிக்கும் பீர்

என் சகலைக்கு எல்லாமே சுலபமாக வாய்க்கிறது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். தினமும் ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறான். எல்லை நெரிசலில் அத்தனை நேரம் நின்று வந்தாலும் அவன் சட்டை மட்டும் கசங்குவதில்லை. அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

வீட்டில் பீர் காய்ச்ச முதலில் ஆரம்பித்தது நான்தான். உலு திராமில் என் வீட்டின் பின்பக்கம், பிளாஸ்டிக் வாளியில். ஒரு நாள் வேடிக்கை பார்க்க வந்தவன், கொஞ்ச நாளிலேயே பளபளவென்று எஃகுப் பாத்திரம், குழாய் வைத்த பீப்பாய் என்று வாங்கி இறக்கிவிட்டான். போன தீபாவளிக்கு அவன் பீரை ஒரு வாய் குடித்த மாமனார், "இதுதான் பீரு, மாப்ள!" என்றார். என் பாட்டில்களும் அதே மேசையில்தான் இருந்தன. என்னுடையதைப் பற்றி அவர் இதுவரை நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். தெப்ராவில் அவர் வீட்டிலேயே விருந்து என்று முடிவானது. இந்த முறை அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்கியே தீருவது என்று நான் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

விருந்துக்கு வருகிற மாமாக்கள் ஆட்டுக்கறி வறுவலோடு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து குடிப்பார்கள். முதல் கிளாசிலேயே தலையைச் சுற்றக் கூடாது. கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. பீருக்குக் கசப்பும் வாசமும் கொடுப்பது ஹாப்ஸ் என்கிற காய்ந்த பூ. கொதிக்கும்போது அதைக் கொஞ்சமாகப் போட்டேன். மீதியை அடுப்பை அணைத்த பிறகு அள்ளிப் போட்டேன். அப்படிச் செய்தால் கசப்பு அதிகம் இறங்காது, எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு வாசம் மட்டும் தூக்கலாக நிற்கும்.

இதெல்லாம் சகலைக்கும் தெரியும். அவன் யோசிக்காத ஒன்றை நான் யோசித்தேன். எங்கள் மாமாக்கள் ஐஸ் போடாமல் பீர் குடிக்க மாட்டார்கள். கிளாஸ் நிறைய ஐஸ். பாதி குடிப்பதற்குள் அது உருகி எந்த பீரையும் தண்ணீராக்கிவிடும். அதனால் பீருக்கு உடம்பு கொடுக்கிற மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியைக் கொஞ்சம் கூட்டி, ஐஸ் கரைந்த பிறகுதான் சரியான பதத்துக்கு வருகிற மாதிரி காய்ச்சினேன். சமையலறையில் நின்று ஐஸ் போட்டுப் போட்டு ருசி பார்த்தேன். "பீரு குடிக்கிறீங்களா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

விருந்தன்று சகலை பீப்பாயைத் தூக்கி வந்து மேசை நடுவில் வைத்தான். என் பீர் ஜக்குகளில் அதன் பக்கத்தில் இருந்தது. அவன் என்னுடையதை ஐஸ் இல்லாமல் ஒரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சம் கெட்டியா இருக்குண்ணே" என்றான். நான் சிரித்துக்கொண்டேன்.

"மாமா, இதுல ஐஸ் போடாதீங்க, டேஸ்ட் போயிடும்" என்று பீப்பாய்க்குக் காவல் நின்றான் அவன்.

"அலமாக்! இந்த வெயில்ல ஐஸ் இல்லாம எப்படிலா குடிக்கிறது?" என்றார் ஒரு மாமா. எல்லாரும் ஜக்குகள் பக்கம் திரும்பினார்கள். ஒவ்வொன்றாகக் காலியாயின. சகலையின் பீப்பாய் சீண்டுவாரில்லாமல் கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது.

மாமனார் கிளாசும் கையுமாக வந்தார். நேராகப் போய் சகலையின் தோளில் கை போட்டார். "மாப்ள, இன்னிக்கு உங்க பீரு அமிர்தம்! ஐஸ் போட்டும் அசரல பாருங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "மாமா, அது என்னோடது இல்ல. அண்ணன் பண்ணது."

மாமனார் அவனையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "பாத்தீங்களா, எவ்வளவு பெரிய மனசு! வேற யாராச்சும் இப்படி ஒத்துக்குவாங்களா?" என்று கூடியிருந்தவர்களிடம் சொல்லி, அவன் முதுகில் தட்டினார். மாமாக்கள் தலையாட்டினார்கள். அவன் பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பிறகுதான் மாமனார் என் பக்கம் திரும்பினார். கிளாசை நீட்டினார்.

"மாப்ள, உள்ள ஐஸ் இருந்தா கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."