அம்மாவின் அறையை ஒழித்தேன்

ஆவடியில் அம்மாவின் படுக்கையறையை இன்றைக்கு யார் பார்த்தாலும் மெச்சுவார்கள். ஒரு கட்டில், ஒரு சின்ன மேஜை, வெளிர்நீலத் திரைச்சீலை, சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம். அவ்வளவுதான். ஆனால் நான் போகிற நாட்களில் அதில் நான்தான் படுக்கிறேன். அம்மா ஹாலில் பாயை விரித்துக்கொள்கிறாள்.

அந்த அறையை அப்படி ஆக்கியவள் நான்தான்.

அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, முத்தாபுதுப்பேட்டை பக்கம் கட்டிய சொந்த வீட்டுக்கு வந்தார்கள். குவார்ட்டர்ஸில் சேர்ந்த அத்தனையும் கூடவே வந்தது. அவர் இறந்தபின் அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. படுக்கிற இடம் கொஞ்சம் நிம்மதியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அது போதும். சும்மாவே எனக்கு அடைசல் ஆகாது. ஐயப்பன்தாங்கலில் என் வீட்டில் ஒரு காலி பாட்டிலைக்கூட விட்டுவைக்க மாட்டேன். போதாததற்கு, அறை ஒழிக்கும் வீடியோக்களை ஒரு மாதமாகப் பார்த்துவிட்டுக் கை அரித்துக்கொண்டிருந்தது.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் அம்மா மண்ணூர்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போனாள். நான் நான்கு நாள் லீவு போட்டுவிட்டு ஆவடிக்கு வந்தேன். உன் இஷ்டப்படி செய், உங்கப்பா சாமானை மட்டும் என்னைக் கேட்காமல் தொடாதே என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள்.

கேட்டேன். அதில் நான் குறை வைக்கவில்லை. அவருடைய சட்டைகள், மூக்குக்கண்ணாடி, ஓடாத கைக்கடிகாரம், சைக்கிள் பூட்டு, ஒவ்வொன்றுக்கும் போன் செய்தேன். அம்மாவே சலித்துப்போய், பூட்டையெல்லாமா கேட்பாய் என்றாள். மற்றதெல்லாம் போயிற்று. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, அதற்குள்ளே பத்திரமாகத் தெர்மாகோல், மூன்று கம்பி முறிந்த குடை, கட்டிலுக்கடியில் பழைய புடவை மூட்டைகள். காயலான்கடைக்காரர் இரண்டு நடை வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

திருஇருதயப் படத்தைத் துடைக்க இறக்கியபோது பின்னால் குருத்தோலைச் சிலுவை ஒன்று செருகியிருந்தது. காய்ந்து பழுப்பாகி, சிலுவையின் ஒரு கை நீளமும் மறு கை குட்டையுமாக இருந்தது. குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் பால்குடி மறக்கும் முன்பே தெரிந்துகொள்கிற விஷயம். அடுத்த வருடம் கோயிலில் திருப்பிக் கொடுப்போம். அதை எரித்துத்தான் சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகையில் ஓலையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், கோயில் வாசலில் பழைய ஓலைக்கென்று வைத்திருந்த கூடையில் போட்டேன். முறையாகச் செய்தோம் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அதற்கு மட்டும் நான் போன் செய்யவில்லை. அது கோயில் சாமான், அப்பாவின் சாமான் இல்லை என்று நினைத்தேன்.

அம்மா சாம்பல் புதனன்று மத்தியானம் வந்தாள். அறை வாசலில் நின்று பார்த்தாள். "ரூம்பு நல்லா கீதுடி" என்றாள். கட்டிலில் உட்கார்ந்து புது விரிப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். இந்த ஓரம், அந்த ஓரம், மறுபடியும் இந்த ஓரம்.

ஓலையா, கோயிலில் கொடுத்துவிட்டேன், குப்பையில் போடவில்லை என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

அப்போதுதான் அம்மா சொன்னாள். போன குருத்து ஞாயிறன்று அப்பாவால் எழுந்து கோயிலுக்கு வர முடியவில்லை. அம்மா ஓலையைக் கொண்டுவந்து கொடுத்ததும், தலையணையில் சாய்ந்தபடி அவரே சிலுவை மடித்திருக்கிறார். விரல் நடுங்கியதால் அரைமணி நேரம் ஆனதாம். அவர் கடைசியாகக் கையால் செய்த வேலை அதுதான்.

"அதைக் கையில வச்சிகினுதான் கொஞ்ச நேரமாச்சும் தூங்குவேன்" என்றாள். "காலையில எடுத்து அங்கயே சொருவிடுவேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை என்னிடம் சொன்னவள், அன்று அதைக்கூடச் சொல்லவில்லை. நான் உடனே, கோயிலில் சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியாருக்குப் போன் செய்தேன். நேற்றே எரித்துச் சலித்து வைத்துவிட்டோமே என்றார். குப்பையில் எறிந்திருந்தால்கூடத் தேடிப் பொறுக்கியிருக்கலாம்.

சாயங்காலம் இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். எரித்த சாம்பலை இரண்டு தட்டில் பிரித்து, நெற்றியில் பூச இரண்டு வரிசை. ஒன்றில் சாமியார், இன்னொன்றில் உபதேசியார். நாங்கள் சாமியாரிடம் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் அம்மா எழுந்தாள். முட்டிவலி, காற்றாட வெளியே போகிறாள் என்று நினைத்தேன். அவள் உபதேசியாரின் வரிசையில், கடைசி ஆளாகப் போய் நின்றாள்.

ஒரு ஆள் இரண்டு முறை பூசிக்கொள்வதை நான் பார்த்ததே இல்லை. உபதேசியார் அவள் நெற்றியைப் பார்த்துத் தயங்கினார். அம்மா ஏதோ சொன்னாள். என் காதில் விழவில்லை. அவர் சாம்பல் தட்டை அவள் பக்கம் தாழ்த்தினார். அம்மா விரலால் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, என்னைத் தாண்டி முன்வரிசையில் போய்த் தனியாக உட்கார்ந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார எனக்கு முகம் இல்லை.