வெண்டெல் கின்டி அழுத மாட்டுக்கொட்டில்

அயர்லாந்தின் மேற்குக் கோடியில், மேயோ மாவட்டத்து டெரிமோரில், அட்ராக்டா லாவெல் முப்பது வருஷம் தபால் கொடுத்தவள். அங்கே பாதி ஊருக்குக் குடும்பப் பெயர் கின்டிதான். எந்த ஜான் கின்டிக்கு எந்தக் கடுதாசி என்று அவளுக்குத்தான் தெரியும். அந்தப் பாவத்துக்கு, வேலையிலிருந்து ஓய்ந்த பிறகும் ஓய்வில்லை. கோடை பிறந்தால் அமெரிக்காவிலிருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்கள் நேரே அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அத்தனை பேருக்கும் முப்பாட்டன் ராஜாவாக இருந்தாக வேண்டும். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பஞ்சத்தில், பட்டினியில் ஊரைவிட்டு ஓடியவர்கள் என்றால் முகம் தொங்கிப்போகும்.

சிகாகோ வெண்டெல் கின்டி அவர்களில் மகா பிடிவாதக்காரர். கடலோரம் ஃபெஸ்டஸ் பாரெட்டின் நிலத்தில், புயல் கூரையைப் பிடுங்கிப்போன ஒரு கல்கட்டடத்தைக் கண்டதும் காரிலிருந்து இறங்கி ஓடினார். சுவரில் நெற்றியை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதார். வழிகாட்டக் கூட வந்த அட்ராக்டா பின்னாலேயே ஓடினாள்.

"சார், அது மாட்டுக்கொட்டில். எங்கப்பா கூலிக்குக் கட்டினது. நான்தான் கல்லெடுத்துக் கொடுத்தேன்."

"இல்லம்மா, என் ரத்தம் சொல்லுது."

"உங்க ரத்தம் வழி தப்பிடுச்சு சார். உங்க ஆளுங்க இருந்தது மலைக்கு அந்தப் பக்கம்."

கேட்டால்தானே! அடுத்த கோடையில் உறவுப் பட்டாளத்தோடும் 'முன்னோர் அரண்மனை' என்று பொறித்த பித்தளைத் தகட்டோடும் வந்து இறங்கிவிட்டார். ஃபெஸ்டஸ் சாணியை வழித்துக் கழுவி, சுவருக்கு வெள்ளையும் அடித்து வைத்திருந்தான்.

"வெக்கமா இல்லையாடா உனக்கு?"

"நான் ஒரு பொய்யும் சொல்லலயே. அவரு அழுதாரு, நான் தொப்பியைக் கழட்டினேன். உனக்கேன் வயிறெரியுது அட்ராக்டா?"

"எங்கப்பன் மாட்டுக்குக் கட்டின சுவத்தை அரண்மனைங்கிறான். நான் கைதட்டணுமா?"

பாதிரியார் வேறு வந்து தீர்த்தம் தெளித்தார். அட்ராக்டா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போது வெண்டெலின் அக்கா லோர்னா மெல்ல அருகில் வந்தாள்.

"அவன் சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். நெஜமான இடம் எங்கேம்மா?"

அட்ராக்டா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் பின்னால் போனாள். அரசாங்கம் நட்ட ஊசியிலைக் காடு. பகலிலும் இருட்டு. மரங்களுக்கிடையே பாசி மூடிய கல்வரிசை ஒன்று, அவ்வளவுதான். லோர்னா எடுத்துவைத்த காலிலிருந்து செருப்பைச் சேறு விழுங்கியது.

"அடக் கடவுளே! இதுலயா குடியிருந்தாங்க? ஓடிப்போனதுல தப்பே இல்ல." ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டாள்: "எத்தனை பேரு?"

"ஒம்பது புள்ளைங்கன்னு எங்க பெரியவங்க சொல்வாங்க. கப்பல் ஏறினது நாலு."

லோர்னா குனிந்து ஓர் ஈரக்கல்லின் மேல் கையை வைத்தாள். "வெண்டெல்கிட்ட இதைச் சொல்லிடாதீங்கம்மா. தாங்கமாட்டான்" என்றாள்.

"சொல்லாம என்னம்மா? ரெண்டு கோடையா தொண்டை கிழியச் சொல்லிட்டுத்தானே இருக்கேன்!"

கிளையை ஒடித்து இருவரும் சேற்றைக் குத்திப் பார்த்தார்கள். செருப்பு அகப்படவில்லை. கொட்டில் வாசலில் நடந்த விருந்துக்கு லோர்னா திரும்பியது அட்ராக்டா காரில் வைத்திருந்த ரப்பர் பூட்ஸில்.